சென்னைத் தெருக்கள், சிலைகள், கட்டடங்கள்: தினசரிப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெருக்களையும் சிலைகளையும் கட்டடங்களையும் நாள்தோறும் படம் எடுத்து வருகிறேன். போட்டிக்கு அனுப்புகிற ரகமான படங்கள் இல்லை. பஸ் ஸ்டாப், தெருமுனை, சிலையின் பீடம், பழைய வீட்டு ஜன்னல் கம்பி, இப்படி அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற விஷயங்கள்தான். படங்களைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தினமும் பார்க்கிற தெருவில் படம் எடுக்க அப்படி என்ன இருக்கிறது?

மூர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1900ல் திறந்த செங்கல் கட்டடம். பழைய புத்தகத்திலிருந்து வளர்ப்புப் பறவை வரை எல்லாம் விற்ற இடம். 1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்து போனது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கட்டடத்தின் முகப்புப் படம் வேண்டுமென்றால் எளிதாகக் கிடைத்துவிடும். உள்ளே கடைகள் எப்படி வரிசையாக இருந்தன, புத்தகங்களை எப்படி அடுக்கினார்கள், கடைக்காரர் எங்கே உட்கார்ந்தார் என்று காட்டுகிற படம் தேடிப் பாருங்கள், அலைய வேண்டியிருக்கும். அங்கே தினம் போய்வந்தவர்களுக்கு அதெல்லாம் படம் எடுக்கத் தக்கதாகத் தோன்றவில்லை.

மவுண்ட் ரோடும் அப்படித்தான். கையால் வரைந்த பிரம்மாண்டமான சினிமா பேனர்களும் கட்-அவுட்டுகளும் ஒரு காலத்தில் அந்தச் சாலையின் முகமாகவே இருந்தன. அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது, பேனர் வரைபவர்களின் தொழில் படுத்தது. அதற்கும் பிறகு பெரிய விளம்பரப் பலகைகளையே நகரத்தில் அகற்றினார்கள். அந்தப் பேனர்கள் இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறு எதையோ எடுத்த படங்களின் பின்னணியில்தான். பஸ்ஸை எடுத்திருப்பார்கள், பின்னால் பேனர் இருக்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: பெயர்போன கட்டடத்தை எடுங்கள், தப்பில்லை. எடுத்த பிறகு அப்படியே திரும்பி எதிர்ச்சாரியையும் ஒரு படம் எடுங்கள். ரிப்பன் மாளிகையை நாளைக்கும் ஆயிரம் பேர் எடுப்பார்கள். எதிர்ப் பக்கத்து ஜெராக்ஸ் கடையை எடுக்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

சிலைகளை ஏன் இவ்வளவு எடுக்கிறீர்கள்? அவை எங்கே ஓடிவிடப் போகின்றன?

சென்னையில் சிலைகள் ஓடத்தான் செய்கின்றன! இந்த ஊரில் சிலை அளவுக்கு இடம் மாறியவை குறைவு.

1857 கிளர்ச்சியை ஒடுக்கியதில் கொடுமைக்குப் பேர்போன கர்னல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927ல் அதை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது. 1937ல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகுதான் அது இடம் பெயர்ந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் சிலை ஊருக்குள் சுற்றிவிட்டுக் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் அடைந்திருக்கிறது. மெரினாவின் கண்ணகி 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 ஜூனில் திரும்பி வந்தாள். அதே 2006ல் காமராஜர் சாலையில் வைத்த சிவாஜி கணேசன் சிலை, 2017ல் அடையாறு மணிமண்டபத்துக்கு மாறியது. மெட்ரோ வேலைக்காக மெரினா காந்தி சிலையையும் தற்காலிகமாகச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது.

இடம் மாறாத சிலைகூட ஒரே மாதிரி நிற்பதில்லை. பிறந்த நாளன்று ஏணி வைத்து மாலை போடுவார்கள். மறுநாள் அதே மாலை வாடித் தொங்கும். தேர்தல் அறிவித்துவிட்டால் பல தலைவர்களின் சிலைகளைத் துணியால் மூடிவிடுவார்கள். அம்பேத்கர் சிலைகளைச் சுற்றிப் பல ஊர்களில் இரும்புக் கூண்டு. சேதப்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் போட்டது. அந்தக் கூண்டுக் கம்பியைத் தவிர்த்துவிட்டு, உள்ளே கையை நீட்டி முகத்தை மட்டும் எடுக்கிறவர்கள் உண்டு. நான் கம்பியோடுதான் எடுப்பேன். சட்டம் எழுதியவரையே கம்பிக்குள் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது என்பது நம் காலத்தைப் பற்றிய செய்தி. அது படத்தில் இருந்தாக வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த சிலை எது?

இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, எழிலகத்துக்கு எதிரே கடற்கரையில் இருக்கிற உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சென்னை ஓவியப் பள்ளிக்கு வெகுகாலம் முதல்வராக இருந்தவர். 1959 ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முந்தின நாள் திறந்தார்கள். நான்கு ஆட்கள், ஒரு பாறை. அவ்வளவுதான். யார் பெயரும் கிடையாது. சாலையிலிருந்து பார்த்தால் கூட்டமாக ஒரு முயற்சி தெரியும். கிட்டே போய் ஒவ்வொருவராகப் பாருங்கள். விலா எலும்பு, புடைத்த கெண்டைக்கால், பாதம் தரையை ஊன்றியிருக்கிற விதம், எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. சுற்றிச் சுற்றி வந்து எடுக்க வேண்டிய சிலை இது. ஒரே கோணத்தில் நின்றால் நான்கு பேரில் ஒருவராவது மறைந்துவிடுவார். அதே கடற்கரையில் இருக்கிற மெரினா காந்தியும் ராய் சௌத்ரியின் கைவண்ணம்தான்.

இன்னொன்று, தீவுத்திடல் பக்கம் உயர்ந்த பீடத்தில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ. 1820லிருந்து 1827 வரை சென்னை மாகாண கவர்னர். பதவியில் இருக்கும்போதே காலராவில் இறந்தார். இங்கிலாந்துச் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி செய்து, கப்பலில் வந்து, 1839ல் நிறுவிய வெண்கலச் சிலை. உற்றுப் பார்த்தால் குதிரைக்குச் சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. கால் இரண்டும் சும்மா தொங்கும். சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதை நம்ப வேண்டாம். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இதே சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணம், அங்கவடி இரண்டும் இல்லை. அது அவர் பாணி. இதைப் படத்தில் காட்ட வேண்டுமென்றால் பக்கவாட்டில் இருந்து, சற்று எட்டி நின்று, ஜூம் போட்டு எடுங்கள். பீடத்தின் அடியில் நின்று எடுத்தால் குதிரையின் வயிறுதான் வரும்.

மெரினா சிலைகளை எடுத்தால் முகம் கறுத்துப் போகிறதே, என்ன செய்வது?

நிறையப் பேர் கேட்கிற கேள்வி. காரணம் கேமராவில் இல்லை, திசையில்.

கடல் நமக்குக் கிழக்கே. 1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, அண்ணா முதல்வராக இருந்தபோது வைத்த சிலைகள் (வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதி, பாரதிதாசன், கண்ணகி, வ.உ.சி., வீரமாமுனிவர், போப், கால்டுவெல்) கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கின்றன. அதாவது மேற்குப் பார்த்தவை. காலையில் வாக்கிங் போகும்போது எடுத்தால் சூரியன் சிலைக்குப் பின்னால் இருக்கும், முகம் இருட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் வெயில் நேராக முகத்தில் விழும்.

சாலையின் எதிர்ச்சாரியில் கதை தலைகீழ். மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் எல்லாம் கடலைப் பார்த்தவை. அவற்றுக்குக் காலை வெயில்தான். ஆகவே ஒரே சாலையில் காலையில் கட்டடம், மாலையில் சிலை என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் சிலைதான் வேண்டும் என்றால் நிழலுருவமாக எடுங்கள். கண்ணகி கையை நீட்டி நிற்கிற அந்த வடிவம் ஒன்றுக்கு முகமே தேவையில்லை.

கட்டடங்களுக்கு எந்த மாதம் நல்லது?

சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சி வேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடும். கம்பத்துக்கு நிழலே விழாது. அந்தச் சமயத்தில் நடுப்பகலில் எடுத்தால் சுவர் தட்டையாகத் தெரியும், தூண், வளைவு, பூவேலை ஒன்றும் எடுபடாது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவே சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், வடக்குப் பார்த்த முகப்புகளுக்கு மே, ஜூன், ஜூலையில்தான் வெயில்.

தெற்குப் பார்த்த கட்டடங்களுக்கு மார்கழி, தை. சென்ட்ரல், ரிப்பன் மாளிகை, விக்டோரியா பொது மண்டபம் மூன்றும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வடக்குச் சாரியில் வரிசையாக நிற்கின்றன. டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து வருவதால் பகல் முழுக்க முகப்பில் சாய்வான வெளிச்சம் கிடைக்கும். 1913ல் முடிந்த ரிப்பன் மாளிகையின் வெள்ளைச் சுவர் சித்திரை வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். மார்கழியில் அதே சுவரில் ஒவ்வொரு தூணும் தனித்தனியாகத் தெரியும்.

மழைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட அரை மணி நேரம் செங்கல் கட்டடங்களுக்குப் பொற்காலம். நனைந்த செங்கல்லின் சிவப்பு வேறு நாளில் வராது. உயர் நீதிமன்றத்தை என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று அப்போது பாருங்கள்.

இந்தோ-சரசெனிக் என்கிறார்களே, எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

கும்மட்டம், ஸ்தூபி, குவிந்த வளைவு, ஜாலி வேலை (துளைகளால் ஆன திரை) போன்ற இந்திய, இஸ்லாமியக் கூறுகளை ஆங்கிலேயப் பொறியாளர்கள் தங்கள் அலுவலகத் தரைப்படத்தின் மேல் ஏற்றிக் கட்டிய பாணி அது. சென்னையில் இதற்கு முதல் பேர் ராபர்ட் சிஷம். பல்கலைக்கழக செனட் மண்டபம் (1874 முதல் 1879 வரை கட்டியது), விக்டோரியா பொது மண்டபம் எல்லாம் அவருடையவை. அடுத்து ஹென்றி இர்வின். 1892ல் முடிந்த உயர் நீதிமன்றம், 1908ல் திறந்த எழும்பூர் நிலையம், 1909ல் திறந்த, இளஞ்சிவப்புக் கல்லாலான அருங்காட்சியக வளாகத்துக் கலைக்கூடம் ஆகியவற்றில் அவர் பங்கு உண்டு. கலைக்கூடத்தின் முகப்பைப் பார்த்தால் ஃபதேபூர் சிக்ரி நினைவுக்கு வரும்.

இவர்கள் இருவருக்கும் நூறு வருடம் முன்பே, 1768ல், ஆற்காட்டு நவாபுக்காக எழும்பியது சேப்பாக்கம் அரண்மனை. செனட் மண்டபத்தை எடுக்கப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கிருந்து தொடங்கியது என்று புரியும்.

உயர் நீதிமன்றத்தில் ஒரு விசேஷம். அதன் உயரமான ஸ்தூபியின் உச்சிதான் 1894லிருந்து 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கம். அதற்கு முன் விளக்காக இருந்த 1844ஆம் ஆண்டு கல் தூணும் அதே வளாகத்தில் நிற்கிறது. இப்போது மெரினாவில் இருப்பது நான்காவது தலைமுறை; முதல் விளக்கு கோட்டைக்குள் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு வீசியதை நினைவூட்டும் கல்வெட்டும் உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது. அது தானாகக் கண்ணில் படாது, நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

வெள்ளைக்காரர் கட்டியதை மட்டும்தான் எடுக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. இதில் எனக்கு ஆதங்கம் நிறைய உண்டு. சென்னையில் வேகமாக மறைந்து வருவது 1930கள், 40களின் ஆர்ட் டெக்கோ வீடுகள். யாரும் அவற்றைப் பாரம்பரியம் என்று எண்ணுவதில்லை. பாரிமுனையில் 1940ல் முடிந்த டேர் ஹவுஸ் மாதிரிப் பெரிய கட்டடங்கள் தப்பித்துவிடும். தி. நகரிலும் மயிலாப்பூரிலும் இருக்கிற வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகின்றன.

எப்படித் தெரியும்? மூலை கூராக இல்லாமல் உருண்டிருக்கும். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு ஒரே கோடாகச் சுவரைச் சுற்றி ஓடும். மாடிப்படி இருக்கிற பகுதி மட்டும் சிறு கோபுரம்போல உயர்ந்து, அதில் செங்குத்தாக ஒரு கண்ணாடி வரிசை, அல்லது கப்பலில் இருப்பது போன்ற வட்ட ஜன்னல். இரும்புக் கேட்டில் உதயசூரியக் கதிர். நிமிர்ந்து கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். நடுவில் சிமெண்டில் வீட்டின் பெயர், அதன் கீழே கட்டிய வருடம், சில வீடுகளில் தாமரையோ கஜலட்சுமியோ இருக்கும். அந்த வருடத்தைத் தனியாகக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். வீடு இடிந்தால் அந்தத் தகவல் வேறெங்கும் மிஞ்சாது.

இதே அக்கறை எல்.ஐ.சி. கட்டடத்துக்கும் வேண்டும். 1959ல் திறந்தபோது 177 அடி, நாட்டிலேயே உயரமான கட்டடம் என்று பேர் வாங்கியது. இப்போது பக்கத்தில் மெட்ரோ, சுற்றிலும் உயரமான கட்டடங்கள். அதோடு சேர்த்தே எடுங்கள். அதன் அருகிலேயே 1897ஆம் ஆண்டு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006ல் இடிக்கத் தொடங்கி, வழக்கு போட்டு நிறுத்தினார்கள். இடிப்பதற்கு முன் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் இன்று மதிப்பு.

ஜார்ஜ் டவுன் போக எந்த நாள் நல்லது?

கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை. ஷட்டர் மூடியிருக்கும், லாரி இருக்காது, மேல்மாடி நன்றாகத் தெரியும். ஜார்ஜ் டவுனில் கீழ்த்தளம் கடையாகி முகம் மாறிவிட்டது. பழையது எல்லாம் முதல் மாடியில்தான்: மரத் தூண், வார்ப்பிரும்புக் கைப்பிடி, வண்ணக் கண்ணாடி. தெரு குறுகல் என்பதால் முழுக் கட்டடமும் ஒரே படத்துக்குள் வராது. துண்டு துண்டாக எடுங்கள், அது போதும்.

தெருவின் உயிர் வேண்டுமென்றால் வேலை நாளில் போங்கள். தங்கசாலை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தம்புச் செட்டித் தெரு எல்லாம் ஒரு பொருளுக்கு ஒரு தெரு என்கிற மாதிரி இயங்கும். மீன்பாடி வண்டியில் காகிதக் கட்டு போகும், தலைச்சுமையாக மூட்டை போகும். வழியை மறித்து நிற்காதீர்கள். அங்கே எல்லோருக்கும் நேரம் காசு. கால் வலித்தால் ஆர்மீனியன் தெருவில் 1772ஆம் ஆண்டு ஆர்மீனிய தேவாலயத்துக்குள் போய் உட்காருங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆட்களை எடுக்கலாமா?

தெரு என்றால் ஆட்கள் இல்லாமல் இல்லை. தூரத்தில் நடந்து போகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, தேவையும் இல்லை. ஒருவர் முகமே படம் என்று ஆகும்போது கேட்டுவிடுவேன். “அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” “அக்கா, கடையோட சேத்து எடுக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையசைப்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வாதாட எதுவும் இல்லை. எடுத்த படத்தைக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அன்றே அனுப்புங்கள்.

குழந்தைகளை, அவர்களுடைய பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. தெருவோரம் தூங்குகிறவர்கள், குளிக்கிறவர்கள், துக்க வீடு, இவற்றை எடுப்பதே இல்லை. பிளாட்பாரத்தில் வாழ்கிறவருக்கு அதுதான் வீடு. பிறர் வீட்டுப் படுக்கையறைக்குள் கேமராவோடு நாம் போக மாட்டோம்.

போலீஸ் தடுத்தால்? சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடத்தில் நிலையாக வைத்திருக்கும் சிலையையும், கட்டடங்களையும் படம் எடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த விலக்கு சுவரோவியங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2020 வாக்கில் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்களைத் தெருவோடு சேர்த்து எடுப்பது ஒன்று, ஓவியத்தை மட்டும் எடுத்துக் காலண்டராக அச்சிட்டு விற்பது வேறொன்று. இரண்டாவதற்கு ஓவியரின் அனுமதி வேண்டும்.

பதிப்புரிமை வேறு, பாதுகாப்பு வேறு. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள், துறைமுகத்தில், கோட்டைக்குள் ராணுவம் இருக்கிற பகுதியில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மெட்ரோ நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் கேட்டுவிட்டு எடுங்கள். முக்காலியைப் பார்த்தாலே சினிமா ஷூட்டிங் என்று நினைப்பார்கள், அதைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கோயிலுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கபாலீசுவரர் கோயிலின் உயரமான கிழக்குக் கோபுரத்தைத் தெருவிலிருந்தே அருமையாக எடுக்கலாம், காலையில் போங்கள். குளம் மேற்கே, அதற்குச் சாயங்காலம். டிரோன் என்றால் 2021ஆம் ஆண்டு விதிகளையும் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

தடுக்கிறவரிடம் பணிவாகப் பேசுங்கள். “சார், பழைய கட்டடமெல்லாம் எடுக்கறேன்” என்று சொல்லி எடுத்ததைக் காட்டினால், அந்தக் கட்டடத்தைப் பற்றி அவரே கதை சொல்ல ஆரம்பிப்பதும் உண்டு.

என்ன கேமரா வேண்டும்?

கையில் இருக்கிற போன் போதும். கட்டடத்தை எடுக்கும்போது போனை நிமிர்த்தாமல் நேராகப் பிடியுங்கள், இல்லாவிட்டால் சுவர்கள் உள்பக்கம் சாயும். உச்சி வரவில்லை என்றால் பின்னால் போங்கள், அல்லது எதிர்க் கட்டடத்தின் முதல் மாடிக்குப் போக அனுமதி கேளுங்கள்.

நம் ஊர் காற்று கேமராவுக்கு ஆகாது. கடற்கரையில் எடுத்து வந்த அன்றே உப்புப் படிவை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். லென்ஸை அலமாரியில் துணிக்குள் சுற்றி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும், பத்து நிமிடம் பையிலேயே இருக்கட்டும்.

மின்கம்பி, போஸ்டர், குப்பைத்தொட்டி இதையெல்லாம் நீக்கிவிடலாமே?

வெளிச்சத்தைச் சரிசெய்வேன், சாய்வை நிமிர்த்துவேன். இருந்ததை அழிப்பதில்லை. இப்போது போனிலேயே விரலால் தேய்த்தால் கம்பி காணாமல் போகிறது, அந்த இடத்தில் இல்லாத சுவர் முளைக்கிறது. முப்பது வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு எது சுவர், எது கற்பனை என்று எப்படித் தெரியும்? அந்தப் போஸ்டரில் என்ன படம் ஓடியது, யாருக்கு நினைவஞ்சலி, எந்தக் கட்சி மாநாடு என்பதுதான் அவருக்கு வேண்டிய செய்தியாக இருக்கலாம். கேபிள் டிவி வயரும் ஒரு காலத்தின் அடையாளம்தான்.

படத்தோடு என்ன எழுதி வைக்க வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். இடம், திசை, தேதி, நேரம். உதாரணமாக:

“கச்சேரி சாலை, மயிலாப்பூர். லஸ் முனையிலிருந்து கிழக்கே பார்த்து. 2024 ஜூன் 9, ஞாயிறு காலை 7 மணி. மெட்ரோ வேலைக்கான தடுப்பு தெரிகிறது.”

இவ்வளவு போதும். அழகான தலைப்பு எதுவும் வேண்டாம். “காலத்தின் சுவடு” என்று எழுதினால் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. திசை எழுதியிருந்தால் நாளை வேறொருவர் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுத்து ஒப்பிடலாம். கடைப் பெயரைப் பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். போனில் தேதி தானாகப் பதியும் என்று நம்பியிருக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அந்தத் தகவல் போய்விடும். கோப்பின் பெயரிலேயே தேதியையும் தெருவையும் போட்டுவிடுங்கள். ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் படங்களை நாங்கள் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பள்ளிப் பாடம், ஆய்வு, ஊர் வரலாறு எதற்கானாலும் பெயரும் தேதியும் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள். உங்கள் படங்களையும் விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில் ஏற்றலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் எத்தனையோ தெருக்களின் கட்டுரைகள் படம் இல்லாமல் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் பழைய ஆல்பம் இருக்கிறது. எல்லாம் குடும்பப் படம்தான், அதனால் என்ன பயன்?

குடும்பப் படத்தின் பின்னணியைப் பாருங்கள். கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் தெருவே இருக்கும். புது ஸ்கூட்டர் பக்கத்தில் தாத்தா நிற்கிற படத்தில் வீட்டுத் திண்ணையும் எதிர்வீட்டு ஓடும் இருக்கும். மெரினாவில் பாட்டியோடு எடுத்த படத்தில் சிலை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே வருடத்தைக் கணிக்கலாம்.

ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், பசை போட்டது கிழிந்துவிடும். பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது ஜன்னல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்துப் போனில் எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். அப்புறம் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, “இது எந்தத் தெரு தாத்தா? இந்தக் கடை யாரோடது?” என்று கேட்டு, அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். தெருப்படத்தை அடுத்த வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம், இதை முதலில் முடியுங்கள்.